இரண்டு பெக் என்று சொன்னேன்

கல்லீரல் வலது பக்கம் இருக்கிறது என்பதே எனக்கு நாற்பத்திரண்டு வயதில்தான் தெரிந்தது. சீரியல்களில் இரண்டு தடவை கல்லீரல் கெட்டுப்போய்ச் செத்திருக்கிறேன். இரண்டு தடவையும் இடது விலாவைப் பிடித்துக்கொண்டுதான் சரிந்து விழுந்தேன். டைரக்டரும் ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தவர்களும் ஒன்றும் கேட்கவில்லை. தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஸ்கேன் அறையில், ஜில்லென்ற ஜெல்லைத் தடவி வலது பக்கம் கருவியை வைத்து அழுத்திய பெண்ணிடம், "லிவர் இந்தப் பக்கம்ல இருக்கு?" என்று இடது பக்கத்தைக் காட்டினேன். "இல்லக்கா, எல்லாருக்கும் இங்கதான்" என்றாள் அவள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

எனக்கு எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால் தலை வெடித்துவிடும். அந்த மூன்று வாரத்தில் நான் கேட்ட கேள்விகளைப் பார்த்துவிட்டு என் டாக்டர், "நீங்க பேஷண்டா வந்தீங்களா, ஆடிட் பண்ண வந்தீங்களா?" என்றார். என்ன ஏற்றுகிறார்கள், ஏன் ஏற்றுகிறார்கள், கை ஏன் நடுங்குகிறது, இல்லாத எறும்பு எப்படிக் கண்ணுக்குத் தெரிகிறது என்று எல்லாவற்றையும் கேட்டேன். ஒளித்து ஒளித்துக் குடித்துக்கொண்டிருக்கிற பெண் யாராவது இதைப் படித்தால், உள்ளே போனால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியட்டும். எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

என் பெயர் வசந்தி. திருவிடைமருதூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கும்பகோணத்தில் கல்லூரி முடித்து, உள்ளூர் கேபிள் சேனலில் பிறந்தநாள் வாழ்த்து வாசித்து, அங்கிருந்து சென்னைக்குப் போய் சீரியலில் ஒட்டிக்கொண்டேன். முதலில் கதாநாயகியின் தோழி, பிறகு அக்கா, முப்பத்தைந்து வயதில் கதாநாயகனுக்குச் சித்தி. கடைசி ஐந்து வருடம் சௌந்தரவல்லி என்ற கொடுமைக்கார மாமியார். கோயிலில், கல்யாண வீட்டில், எங்கே பார்த்தாலும் பெண்கள் என்னைத் திட்டுவார்கள். திட்டு வாங்க வாங்கச் சம்பளம் ஏறியது. வீட்டுக்காரர் கேமரா உதவியாளராக இருந்தவர். மகள் தாரிணிக்கு ஆறு வயதாகும்போது ஒத்துவராமல் பிரிந்துவிட்டோம். அதிலிருந்து சென்னை ஃபிளாட்டில் நானும் அவளும்தான்.

குடி எனக்குத் தூக்கத்துக்காக வந்தது. காலையில் மேக்கப் போட்டு உட்கார்ந்தால் பேக்கப் சொல்லிப் படப்பிடிப்பை முடிக்க இரவு பத்து மணி ஆகும். வீட்டுக்கு வந்தால் உடம்பு அசந்திருக்கும், தலை மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். கூட நடித்த ஒருத்தி, "கொஞ்சம் குடிச்சுப் பாரு, கொழந்த மாதிரி தூங்குவ" என்று ஊற்றிக் கொடுத்தாள். உண்மையிலேயே தூங்கினேன். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவள் இன்றும் அந்தக் கொஞ்சத்தோடு நிற்கிறாள். ஒரே பாட்டில் அவளுக்கு ஒரு மாதிரியும் எனக்கு வேறு மாதிரியும் ஏன் வேலை செய்தது என்று பிற்பாடு டாக்டரிடம் கேட்டேன். "பாதி உடம்பு வாகு, பாதி சூழ்நிலை. முழுசா யாருக்கும் தெரியாதும்மா" என்றார். தெரியாது என்று ஒரு டாக்டர் ஒத்துக்கொண்டது எனக்குப் பிடித்திருந்தது.

மாட்டிக்கொண்டது திருக்கடையூரில். மே மாதம், அண்ணியின் பெரிய அண்ணனுக்கு அறுபதாம் கல்யாணம். தாரிணிக்கு லீவு என்பதால் இரண்டு பேரும் வந்திருந்தோம். கோயில் காரியமாயிற்றே என்று முந்தின நாளிலிருந்து நான் குடிக்காமல் இருந்தேன். அதுதான் வம்பாகிவிட்டது. காலையில் கை நடுங்க ஆரம்பித்தது. தம்பதியைப் பலகையில் உட்கார வைத்து, தலைக்கு மேல் சல்லடை பிடித்து, சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து கலசத் தண்ணீரை ஊற்றுவார்கள். என் முறை வந்தது. சௌந்தரவல்லி வருகிறாள் என்று எல்லா செல்ஃபோனும் என் பக்கம் திரும்பின. கலசத்தைத் தூக்கினேன். தண்ணீர் சல்லடையைத் தவிர எல்லா இடத்திலும் விழுந்தது. பின்னாலேயே கலசமும் மாப்பிள்ளையின் கால் கட்டைவிரலில் விழுந்தது. அறுபது வயது மாப்பிள்ளை, "அம்மாடி!" என்று பலகையை விட்டே எழுந்துவிட்டார்.

நிறைய பேர் சிரித்தார்கள். என் அண்ணன் ராஜேந்திரன் சிரிக்கவில்லை. அவர் தாரிணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, இன்னொரு கலசத்தை என் கையில் கொடுத்து, அடியில் தன் உள்ளங்கையை வைத்து, மறு கையால் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து, நிதானமாக ஊற்ற வைத்தாள். தினமும் செய்கிற வேலை மாதிரி செய்தாள். தினமும் செய்கிற வேலைதான். காலையில் என் காபி டம்ளரை அப்படித்தான் பிடித்துக்கொள்வாள். பதினான்கு வயதுப் பெண்ணுக்கு இதெல்லாம் எப்படிப் பழகியது என்பது அண்ணனுக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சத்தம் போட மாட்டேன். பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள சரியாயிட்டன்னா புள்ளைய சென்னைக்குக் கூட்டிட்டுப் போ. இல்லேன்னா பத்தாவது இங்கதான் படிக்கும். கும்பகோணத்துல சீட்டு சொல்லி வச்சிட்டேன்" என்றார். நான் ஒத்துக்கொண்டேன். ஆக, நான் மருத்துவமனைக்குப் போனது கல்லீரலுக்காக இல்லை. ஜூன் மாதம் என் மகளை என்னோடு கூட்டிப்போக வேண்டும், அதற்காக. அவளுக்கு எது விருப்பம் என்று அண்ணனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மருத்துவமனைக்குக் கிளம்புகிற அன்று காலை, உள்ளே போவதற்கு முன் கடைசியாகக் குளியலறையில் குடித்தேன். ஷாம்பு பாட்டிலில் ஊற்றி வைத்திருந்த வோட்கா. எத்தனை தடவை கழுவினாலும் அந்தப் பாட்டிலில் ஷாம்பு வாசனை போகாது. அதையும் குடித்திருக்கிறேன் என்பதை எழுதுவதற்கு இப்போது கூசுகிறது.

மருத்துவமனை வரவேற்பில் என்ன தொந்தரவு என்று கேட்டதற்கு அண்ணன் "வயித்து வலி" என்று எழுத வைத்தார். டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். நான் முகக்கவசம் போட்டிருந்தேன். இருந்தும் பக்கத்தில் இருந்த அம்மாள் கண்ணை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். "நீ அந்த சௌந்தரவல்லிதான? அந்த மருமவப் புள்ளைய ஏன் அந்தப் பாடு படுத்துற? நல்லாருப்பியா நீ?" என்று ஆரம்பித்தார். வழக்கமாகச் சிரித்துச் சமாளிப்பேன். அன்று அழுகை வந்துவிட்டது. அந்த அம்மாள் பதறிப்போய், "அய்யய்ய, நாடகந்தானம்மா, எனக்குத் தெரியாதா?" என்று பையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து உரித்துக் கொடுத்தார். உள்ளே பெயர் கூப்பிடும் வரை சுளை சுளையாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

மனநல மருத்துவர் பெயர் பர்வீன். என்னைவிட இரண்டு மூன்று வயது சிறியவராக இருப்பார். பேனாவை மூடி வைத்துவிட்டு முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கிற டாக்டர். அவர் அறையில் நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் தொழிலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சீரியலில் நாங்கள் யாரும் வசனத்தை மனப்பாடம் செய்வதில்லை. அதற்கெல்லாம் நேரம் கிடையாது. கேமராவுக்குப் பக்கத்தில் உதவி இயக்குநர் பேப்பரோடு உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படிப்பார். காதில் விழுந்தவுடன் முகபாவத்தோடு நாங்கள் திருப்பிச் சொல்வோம். இதற்கு ப்ராம்ப்டிங் என்று பெயர். பதினாறு வருடம் இதைச் செய்தால் காதுக்கும் வாய்க்கும் நேரடியாக வழி போட்டாகிவிடும். நடுவில் மூளைக்கு வேலையே இருக்காது.

அண்ணன் எனக்குப் பின்னால், வலது பக்கமாக உட்கார்ந்திருந்தார்.

"எவ்வளவு நாளைக்கு ஒரு தடவை குடிப்பீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"எப்பவாவதுதான் மேடம்" என்று அண்ணன் முணுமுணுத்தார்.

"எப்பவாவதுதான் மேடம்" என்றேன் நான்.

"குடிச்சா எவ்வளவு?"

"ரெண்டு பெக்" என்றது பின்னாலிருந்து.

"ரெண்டு பெக். அதுவும் பார்ட்டின்னா மட்டும்தான்" என்றேன். பார்ட்டியை நானாகச் சேர்த்துக்கொண்டேன். லேசாக ஒரு வெட்கச் சிரிப்பும் சிரித்தேன். படப்பிடிப்பாக இருந்தால் ஒரே டேக்கில் ஓகே ஆகியிருக்கும்.

டாக்டர் என் கையை நீட்டச் சொல்லி விரல்களைப் பார்த்தார். "நிச்சயமா ரெண்டுதானா?" என்று இன்னொரு தடவை கேட்டார். நான் தலையாட்டினேன். பழக்கதோஷம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள மாட்டேன். அண்ணன் எடுத்துக் கொடுத்த வரி எனக்கும் வசதியாக இருந்தது.

குடியை நிறுத்துவதில் உள்ள ஆபத்து எனக்கு அப்போது தெரியாது. குடிப்பதுதான் ஆபத்து, நிறுத்தினால் நல்லது என்றுதானே எல்லாரும் நினைப்போம்? வருடக்கணக்காகத் தினமும் குடிக்கிறவர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். அதற்காகத்தான் முதல் சில நாட்கள் மூளையை அமைதிப்படுத்தும் மாத்திரை கொடுத்து, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வருவார்கள். எவ்வளவு குடித்தோமோ அதற்குத் தகுந்த அளவு மாத்திரை. நான் இரண்டு பெக் என்று சொன்னேன். இரண்டு பெக்குக்கு உண்டான மாத்திரை கிடைத்தது. டாக்டருக்குச் சந்தேகம் இருந்ததால், ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை என்னைக் கண்காணிக்கும்படி நர்சுகளிடம் எழுதி வைத்திருக்கிறார்.

சோதனைகள் வரிசையாக நடந்தன. ரத்தத்தில் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்று இரண்டு பார்க்கிறார்கள். கல்லீரல் செல்லுக்குள் இருக்க வேண்டியவை அவை. செல் உடைந்தால் ரத்தத்தில் கசியும். ஜிஜிடி என்று இன்னொன்று இருக்கிறது. குடிக்கிறவர்களைப் பெரும்பாலும் காட்டிக்கொடுப்பது அதுதான். பிறகு விலாவில் டொக் டொக்கென்று மெல்லத் தட்டி, கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஒரு கருவி. அதைப் பார்த்துவிட்டு அண்ணன், "கொள்முதல் நிலையத்துல நெல்லுக்கு ஈரப்பதம் பாக்கற மெஷின் மாதிரியே இருக்கே" என்றார். அவருக்கு அந்த வாரம் அதே நினைப்பு. கோடை நெல்லை அறுத்துக் கொள்முதல் நிலையத்தில் கொட்டியிருந்தார். மேலே மேகம் கூடிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஃபோன் அடிக்கும், "தார்ப்பாய மூடுங்கடா" என்று வராந்தாவில் நின்று கத்துவார், திரும்பி வந்து என் பக்கத்தில் உட்காருவார்.

எனக்குக் கையில் தயமின் என்ற ஊசி போட்டார்கள். எதற்கு என்று ஸ்டெல்லா சிஸ்டரைக் கேட்டேன். அது ஒரு வைட்டமின். குடிக்கிறவர்கள் உடம்பில் வற்றிப்போயிருக்கும். அதைப் போடாமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளைக்குக் கெடுதல் என்று சொன்னார். "இவ்ளோ வெவரமா யாரும் கேட்டதில்லக்கா" என்று சிரித்தார். வயது முப்பதுக்குள் இருக்கும். நான் கேட்பதற்கெல்லாம் சலிக்காமல் பதில் சொன்ன மனுஷி.

மறுநாள் மத்தியானம் அண்ணியும் தாரிணியும் சாப்பாடு கொண்டு வந்தார்கள். அண்ணி நோய்க்கஞ்சி வைத்து, தொட்டுக்கொள்ளப் பருப்புத் துவையல் அரைத்திருந்தார். தாரிணி ஸ்பூனை என் வாய்க்குக் கொண்டு வந்தாள். அது வரைக்கும் எனக்கு நினைவிருக்கிறது. அடுத்து எனக்குத் தெரிந்தது ஐந்து நாள் கழித்து ஒரு காலை. ஜன்னலில் வெயில், கட்டிலில் என் கையைத் துணியால் கட்டியிருந்தார்கள், வாய்க்குள் நாக்கு கடிபட்டு வீங்கியிருந்தது.

நடுவில் இருந்த நாட்களை யாரோ கத்தரித்து எடுத்துவிட்டார்கள். பயமாக இருந்தது. அதைவிட, என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. ஸ்டெல்லா சிஸ்டரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஃபிட்ஸ் வந்துச்சுக்கா. நாங்க ஓடி வர்றதுக்குள்ள உங்க பொண்ணு கஞ்சிய தள்ளி வச்சிட்டு, உங்கள ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, தலைக்கு அடில தன்னோட துப்பட்டாவ மடிச்சு வச்சிருந்துச்சு. நர்ஸிங் ஏதாச்சும் படிக்குதான்னு கேட்டேன். ஒம்பதாவதாம்."

"அப்புறம்?"

"அப்புறம் டோஸ கூட்டினோம். ஆனாலும் நாலு நாளைக்கு நீங்க நீங்களா இல்ல. பெட்ஷீட்டுல எறும்பு போவுதுன்னீங்க. சுவத்துல நெல்லு காயுது, மழை வருதுன்னீங்க. என்னைய 'சார்'னு கூப்பிட்டு, 'அடுத்த டயலாக் என்ன சார்'னு கேட்டுகிட்டே இருந்தீங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"'தண்ணி குடிங்கக்கா'ன்னேன். நீங்க எனக்கே 'தண்ணி குடிங்கக்கா'ன்னு திருப்பிச் சொன்னீங்க. கண்ணுல தண்ணி ஊத்த, அவ்ளோ ஃபீலிங்கா சொன்னீங்க. எனக்குச் சிரிப்பும் வருது, பயமாவும் இருக்கு."

நானும் சிரித்தேன். சிரிக்கும்போது நாக்கு வலித்தது. தாரிணி ஒருக்களித்துப் படுக்க வைத்தாள் என்பது மட்டும் மனதில் நின்றுகொண்டது. சென்னையில் பல நாள் காலையில் எழும்போது என் முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணை முட்டுக் கொடுத்திருக்கும். நானே தூக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

அன்று சாயங்காலம் டாக்டர் பர்வீன் வந்தார். அண்ணன் வழக்கம்போல் கட்டிலின் தலைமாட்டில், எனக்குப் பின்னால் நின்றார். "சார், நீங்க இப்படி வாங்க. என் பக்கத்துல உக்காருங்க" என்று நாற்காலியைத் தன் பக்கம் இழுத்துப் போட்டார். அண்ணன் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். என் முதுகுக்குப் பின்னால் இப்போது சுவர்தான் இருந்தது.

"எவ்வளவு குடிப்பீங்க வசந்தி?"

பதில் எனக்குத் தெரியும். ஆனால் வாய் திறக்கவில்லை. அவ்வளவு நீளமான மௌனத்தை எந்தப் படப்பிடிப்பிலும் விட மாட்டார்கள். டாக்டர் அவசரப்படுத்தவில்லை. விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"தினமும் மேடம்" என்றேன் கடைசியில். "அரை பாட்டில். ஷூட்டிங் இல்லாத நாள்ல அதுக்கும் மேல. நாலு வருஷமா. காலையில பல்லு தேய்க்கறதுக்கு முன்னாடி கொஞ்சம், இல்லேன்னா பிரஷ் கையில நிக்காது. ஸ்பாட்டுல இளநீரோட கலந்து வச்சிருப்பேன். எல்லாரும் நான் ரொம்ப ஹெல்த்தியா இருக்கறதா நெனச்சுகிட்டிருந்தாங்க."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். துண்டால் முகத்தைத் துடைத்தார். "நாந்தான் மேடம் ரெண்டுன்னு சொல்லச் சொன்னேன். பொம்பளப் புள்ள குடிக்குதுன்னு எப்படிச் சொல்றது? நாளைக்குத் தாரிணிக்கு ஒரு நல்லது பேசும்போது இதெல்லாம் கெளறுவாங்க. அதான்..." என்றார்.

டாக்டர் அவரைத் திட்டவில்லை. "நெல்லு ஈரமா இருக்கறப்ப, காஞ்சிருக்குன்னு நீங்க சொன்னா ஈரப்பதம் பாக்கற மெஷின் ஒத்துக்குமா சார்?"

"ஒத்துக்காது மேடம்."

"மெஷினாவது நெல்லத் திருப்பி அனுப்பும். இங்க உங்க தங்கச்சியவே மேல அனுப்பியிருப்போம்."

அண்ணன் அன்று வீட்டுக்குப் போகவில்லை. நெல்லை அண்ணி பார்த்துக்கொண்டார்.

கல்லீரல் செய்தி அவ்வளவு மோசமில்லை. கொழுப்பு படிந்து வீங்கியிருக்கிறது, இன்னும் தழும்பாகி இறுகிப்போகவில்லை, இப்போதே நிறுத்தினால் பெரும்பாலும் தேறிவிடும் என்றார்கள். நிறுத்தினால் என்ற அந்த ஒரு சொல்தான். வலிப்பு ஏன் வந்தது என்று டாக்டர் அண்ணனுக்குப் புரிகிற மாதிரி விளக்கினார்: குடி மூளையை மதகு ஷட்டர் மாதிரி அடைத்து வைக்கிறது, மூளையும் அதற்கு ஈடாகத் தண்ணீரை ஏற்றிக்கொண்டே போகிறது, ஒருநாள் ஷட்டரை மொத்தமாகத் தூக்கினால் கரை நிற்குமா? "நிக்காதுங்க" என்றார் அண்ணன், வாய்க்கால் கரையில் நிற்கிற முகத்தோடு.

பிறகு என்னை மாற்றிய பொது அறையில் ஒரு டிவி இருந்தது. ஒருநாள் எங்கள் சீரியல் ஓடியது. சௌந்தரவல்லி மாடிப்படியில் இறங்கி வந்தாள், அது நானில்லை. கீழே எழுத்து ஓடியது: இவருக்குப் பதில் இவர். நான் ஃபோனை எடுக்காததால் யூனிட் அதற்கு மேல் காத்திருக்கவில்லை. வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை. என் புடவையை அவள் எப்படிக் கட்டியிருக்கிறாள், என் முறைப்பை எப்படி முறைக்கிறாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நன்றாகவே செய்தாள். என்னைவிடக் கொஞ்சம் அதிகமாகக் கையை ஆட்டுகிறாள். நடுங்காத கை, எவ்வளவு வேண்டுமானாலும் ஆட்டலாம்.

மூன்றாவது வாரம் என் கையும் நின்றுவிட்டது. டம்ளரை நானே பிடித்துக் குடித்தேன். சாப்பாடு ருசித்தது, அண்ணியின் வத்தக்குழம்புக்கு இரண்டாம் தடவை சோறு கேட்டேன். தூக்கத்துக்கு மட்டும் இன்னும் சண்டைதான். பள்ளி திறக்க நான்கு நாள் இருந்தது. சென்னைக்கு இரண்டு டிக்கெட் எடுக்கச் சொல்லி அண்ணனிடம் சொல்லியிருந்தேன். அவரும் சரி என்றுவிட்டார். சொன்ன சொல்லை மாற்றுகிற ஆள் இல்லை அவர்.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் குடும்பத்தை உட்கார வைத்துப் பேசுவது அங்கே வழக்கம். டாக்டர், அண்ணன், நான், தாரிணி. டாக்டர் எங்களை விட்டுவிட்டு நேராக அவளைக் கேட்டார்.

"தாரிணி, நீ பத்தாவது எங்க படிக்கலாம்னு இருக்க?"

தாரிணி என்னைப் பார்த்தாள். கண்ணை இல்லை, உதட்டை. அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். பதினாறு வருடம் நான் அப்படித்தான் உதவி இயக்குநரைப் பார்த்திருக்கிறேன்.

அந்த நிமிடம் எல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தது. ப்ரொடக்‌ஷன் மேனேஜர் ஃபோனில் கூப்பிடுவார், அவள் எடுப்பாள், நான் படுக்கையிலிருந்து, "காய்ச்சல்னு சொல்லு" என்பேன். "அம்மாவுக்குக் காய்ச்சல் அங்கிள்." அண்ணன் கூப்பிடுவார், "குளிக்கறேன்னு சொல்லு." "அம்மா குளிக்கிறாங்க மாமா." பக்கத்து ஃபிளாட்டுக்காரர் பாட்டில் சத்தம் கேட்டதாக வந்து நிற்பார், "பூச்சாடி ஒடஞ்சிருச்சுன்னு சொல்லு." ஒரு எழுத்து பிசகாமல் சொல்வாள். சமர்த்து என்று மெச்சிக்கூட இருக்கிறேன். அண்ணன் எனக்கு ஒரே ஒரு நாள் செய்ததை என் பிள்ளைக்கு நான் நான்கு வருடம் செய்திருக்கிறேன்.

'அம்மாகூட வர்றேன்னு சொல்லு.' நாக்கு நுனியில் நின்றது. உதட்டை லேசாக அசைத்தால் போதும், சொல்லிவிடுவாள். எனக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரு வரிதான். அதற்காகத்தான் வலிப்பு வரைக்கும் போய்விட்டு வந்தேன்.

நான் எழுந்து, நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். எதிரே ஜன்னல். கீழே ஒருவர் ஸ்கூட்டரைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார். அவரையே பார்த்தேன்.

"என்னம்மா இது?" என்றார் அண்ணன். டாக்டர் அவரிடம், "இருங்க சார்" என்றார்.

ஸ்கூட்டர் ஒருவழியாகக் கிளம்பிப் போனது. பிறகு தாரிணியின் குரல் கேட்டது. நடுநடுவே நின்று, சொற்களைத் தேடித் தேடிப் பேசினாள்.

"நான்... மாமா வீட்லயே இருக்கேன் டாக்டர். அம்மாவ எனக்குப் புடிக்கும். கோவம்லாம் இல்ல. ஆனா இங்க வந்ததுலேர்ந்து நான் நல்லா தூங்கறேன். அங்க அம்மா மூச்சு விடறாங்களான்னு எந்திரிச்சு எந்திரிச்சுப் பாக்கணும். பத்தாவது முடியற வரைக்கும் நான் தூங்கிக்கிறேனே."

அழுதேன். வலித்தது, அதை எப்படி எழுதினாலும் குறைவுதான். தூக்கத்துக்காக நான் குடிக்க ஆரம்பித்தேன். அந்தத் தூக்கத்தை என் பிள்ளையிடமிருந்து எடுத்திருக்கிறேன். ஆனால் அழுதுகொண்டிருக்கும்போதே இன்னொன்றும் தெரிந்தது. நான்கு வருடத்தில் அவள் எனக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்வது அதுதான் முதல் தடவை. நான் திரும்பி, "சரிடா" என்றேன். அவள் நம்பாமல் அண்ணனைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள். மறுபடியும், "சரி" என்றேன்.

சென்னை டிக்கெட் இரண்டையும் ரத்து செய்தோம். வாராவாரம் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்பதால் தஞ்சாவூரிலேயே ஒரு சின்ன வீடு பார்த்துக்கொண்டேன். மருத்துவமனை வாசலில் அண்ணன் காரை எடுக்கப் போனபோது தாரிணியிடம், "ஞாயித்துக்கெழம வந்து பாக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"வாம்மா" என்றாள். கொஞ்சம் யோசித்தாள். "ஆனா கெளம்பறதுக்கு முன்னாடி ஃபோன் பண்ணு. குரலக் கேட்டா எனக்குத் தெரிஞ்சிரும்."

பதினோரு ஞாயிறு ஆகிவிட்டது. ஒரு ஞாயிறு மட்டும், நான் ஹலோ சொன்னதும், "இன்னைக்கு வேணாம்மா" என்று வைத்துவிட்டாள். அவளுக்குத் தெரிந்தது சரிதான். மறுநாள் காலையில் டாக்டர் கேட்பதற்கு முன்பே குடித்த அளவைச் சொன்னேன், கூட்டாமல் குறைக்காமல்.

இன்றும் ஞாயிறு. ஆறு மணிக்கே கூப்பிட்டேன். "தாரிணி, அம்மா பேசறேன்" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறாள் என்று தெரிந்தது. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கெளம்பி வா" என்றாள்.